ஜப்பானிய ஊறுகாய்: உப்பா, தவிடா, வினிகரா, உமெயா? வீட்டில் எதைப் போடுவது

ஜப்பானில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ட்சுகெமோனோவை, அதாவது ஜப்பானிய ஊறுகாயை, வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். தவிட்டில் போடுவதா, உப்பில் போடுவதா, வினிகரிலா? எதில் தொடங்கலாம்?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு வெள்ளை எனாமல் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

கேள்வி பெருகியதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று சட்டம். உணவுச் சுகாதாரச் சட்டத்தை 2018-இல் திருத்தியபோது, ஊறுகாய் தயாரித்து விற்பதற்கு உரிமம் கட்டாயம் என்றாகிவிட்டது. 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்த விதிக்குக் கொடுத்திருந்த அவகாசம் 2024 மே மாதத்தோடு முடிந்தது. உரிமம் வேண்டுமானால் அதற்கேற்ற வசதிகள் கொண்ட சமையற்கூடம் வேண்டும். சாலையோர விளைபொருள் சந்தைகளில், வீட்டு அடுப்படியில் போட்ட ஊறுகாயைப் பையில் கட்டி விற்றுவந்த மூதாட்டிகள் பலர், இந்த வயதில் புதிதாகச் செலவு செய்வானேன் என்று நிறுத்திக்கொண்டார்கள். முள்ளங்கியைப் புகையில் உலர்த்தித் தவிட்டில் போடும் அக்கித்தா மாகாணத்து இபுரிகாக்கோவுக்கும் இதே நிலைதான். வீட்டில் போட்டு வீட்டிலேயே தின்பதற்கு உரிமம் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது காரணம் சைவம். கடையில் விற்கும் பல ஊறுகாய்களில் கட்சுவோ என்ற சூரை மீனின் சாறோ சீவலோ சேர்ந்திருக்கும். பொட்டலத்தின் முன்பக்கத்தில் வெள்ளரிக்காய்ப் படம்தான் போட்டிருப்பார்கள். மீன் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும்.

சுவையை வைத்து முடிவு செய்யப் போனால் உப்பு, தவிடு, வினிகர், உமெ என்ற பழம் நான்குமே நன்றாகத்தான் இருக்கும், முடிவு வராது. ஆகஸ்டில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதி முடிவு வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

கவனிப்பு. போடுகிற அன்று எவ்வளவு வேலை என்பதைவிட, அடுத்த ஆறு மாதத்துக்கு எவ்வளவு வேலை என்பதே முக்கியம். ஒரு நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டுப் பிறகு தொந்தரவே தராத முறை உண்டு. கால் மணி நேரத்தில் முடிந்து, பிறகு தினமும் கூப்பிடுகிற முறையும் உண்டு.

கோடை. டோக்கியோவிலும் ஒசாக்காவிலும் ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 30 டிகிரியை எளிதாகத் தாண்டுகிறது. இரவிலும் 25-க்குக் கீழே இறங்காத நாட்கள் வரிசையாக வருகின்றன. பள்ளிக் கோடை விடுமுறை ஜூலை 20-ஐ ஒட்டித் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை போகும். பிள்ளைகள் படிக்கிற நம் குடும்பங்கள் ஊருக்குப் புறப்படுவதும் அப்போதுதான். நுண்ணுயிர்கள் தலைகால் தெரியாமல் ஆடுகிற மாதத்தில் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள்.

உப்பு. நம் ஊர் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறோம். ட்சுகெமோனோவைத் துண்டு துண்டாகக் கடித்துத் தின்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. ஜப்பான் அரசு தன் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டியில் ஆண்களுக்கு 7.5 கிராமுக்கும் பெண்களுக்கு 6.5 கிராமுக்கும் கீழே என்று இலக்கு வைத்தது. இரத்த அழுத்தக்காரர் வீட்டில் இருந்தால் இந்த அளவுகோலை முதலில் பாருங்கள்.

இடம், வாசனை, கண்ணுக்குத் தெரியாத செலவு, சைவமா இல்லையா ஆகியவற்றை அந்தந்த முறையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

## உப்பு மட்டும்: அசாஸுக்கே

இது லேசான ஊறல். காயின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பு, சூத்திரம் அவ்வளவுதான். அரை கிலோ வெள்ளரிக்காய்க்கு 10 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம். பொடியுப்பும் கல்லுப்பும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை காட்டும், ஆகவே சமையல் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். காயை நறுக்கி, உப்பில் பிசறி, ஜிப் வைத்த பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் அரை மணியிலிருந்து ஓர் இரவுக்குள் தயார். விரலளவு கோம்பு கடற்பாசியும் ஒரு காய்ந்த மிளகாயும் கூடப் போட்டால் மீன் சாறு இல்லாத குறை தெரியாது. கடைகளில் புட்டியில் விற்கும் 'அசாஸுக்கே நோ மொத்தோ' என்ற தயார்நிலைச் சாற்றை வாங்குவதானால் பின்பக்கம் படியுங்கள், கட்சுவோ இருக்கக்கூடும்.

இதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா. மூடியின் நடுவில் ஒரு திருகு. திருகத் திருக உள்ளே சுருள்வில் வைத்த தட்டு இறங்கிக் காயை அமுக்கும். சிறிது நேரத்தில் காயின் சொந்தத் தண்ணீர் தட்டுக்கு மேலே ஏறி நிற்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். பழைய நாட்களில் இந்த வேலையை ஆற்றுக் கல் செய்தது.

குளிர்காலத்தில் இதே உப்பு முறையின் பெரிய வடிவம் ஹக்குசாய் என்னும் சீன முட்டைக்கோஸ் ஊறல். அடித்தண்டில் மட்டும் கத்தியால் கீறிவிட்டு மீதியைக் கையால் பிளக்க வேண்டும். முழுக்கக் கத்தியால் வெட்டினால் இலை நொறுங்கிச் சிதறும். நான்காகப் பிளந்ததை அரை நாள் வெயிலில் வாட்டி, எடைக்கு 3 முதல் 4 சதவீதம் உப்பை வெள்ளைத் தண்டுப் பக்கம் தாராளமாகவும் இலைப் பக்கம் சிக்கனமாகவும் தூவி, தலையும் காலும் மாற்றி மாற்றி அடுக்கி, கோஸின் எடையைப் போல் இருமடங்கு எடையை மேலே ஏற்ற வேண்டும். தண்ணீர் மேலே வந்ததும் எடையைக் குறைத்துவிடலாம். கோம்புவும் மிளகாயும் யூஸு எலுமிச்சைத் தோலும் இதற்கு வழக்கமான கூட்டாளிகள். சில நாளில் லேசான புளிப்பு ஏறும். டிசம்பர், ஜனவரியில் வெப்பமூட்டாத அறையோ பால்கனியோ இருந்தால் குளிர்பெட்டியில் இடம் தேட வேண்டியதில்லை.

லேசான ஊறலின் மறைமுக விலை சுத்தம். இரண்டு சதவீத உப்பு காயை வாடச் செய்யுமே தவிரக் கிருமியைக் கொல்லாது. புளிப்பு ஏறவும் நேரமில்லை. ஆக, இந்த ஊறுகாய்க்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. 2012 ஆகஸ்டில் ஹொக்கைதோ தீவின் சப்போரோ பகுதியில் இப்படி லேசாக ஊறவைத்து விற்ற ஹக்குசாயிலிருந்து ஓ157 வகை ஈ-கோலை பரவி 169 பேர் நோயுற்றார்கள், 8 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தயாரிப்பாளர்களுக்கான சுகாதார விதிகள் இறுக்கப்பட்டன. வீட்டில் அந்த அளவுக்கு நடுங்க வேண்டியதில்லை. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுவது, இறைச்சி வெட்டிய பலகையைத் தொடாமல் இருப்பது, ஊறும் நேரம் முழுவதும் குளிர்பெட்டியிலேயே வைப்பது, இரண்டு மூன்று நாளில் தீர்ப்பது, இவற்றில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். கைக்குழந்தையும் முதியவரும் இருக்கிற வீட்டில் மிச்சத்தை "நாளைக்கும் ஆகும்" என்று இழுக்காதீர்கள்.

உப்புக் கணக்கில் இதற்குத்தான் முதல் இடம். 30 கிராம் துண்டுகளில் அரை கிராமை ஒட்டித்தான் உப்பு வரும். பிழிந்து எடுத்தால் இன்னும் குறையும்.

## தவிட்டுப் படுகை: நுக்காஸுக்கே

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். அரிசித் தவிட்டைப் புளிக்கவைத்த ஈரப் படுகைக்குள் காயைப் புதைத்து, மறுநாள் தோண்டி எடுத்துக் கழுவி நறுக்குவது. வெள்ளரிக்காய் பாதி நாளில் தயார். முள்ளங்கியும் கேரட்டும் ஒரு நாள் எடுக்கும். பச்சைக் காயின் மொறுமொறுப்பு போகாமல், புளிப்பும் உப்பும் தவிட்டின் மணமும் சேர்ந்த சுவை வேறெந்த வழியிலும் வராது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் கைவிடுவதும் இதைத்தான்.

படுகை போடுவது எளிது. ஒரு கிலோ தவிடு, 130 கிராம் உப்பு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். பிசைந்தால் கையில் பிடிபட வேண்டும், விரலிடுக்கில் லேசாக ஈரம் கசிய வேண்டும். கோம்புவும் மிளகாயும் சேர்க்கலாம். பிறகு முட்டைக்கோஸின் வெளி இலை, முள்ளங்கித் தழை என்று தூக்கியெறியப் போகிற கழிவுகளைப் புதைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பிழிந்து எறிந்துவிட்டுப் புதியதைப் புதைக்க வேண்டும். இது படுகைக்கு லாக்டிக் அமில பாக்டீரியாவைக் குடியேற்றும் வேலை. கோடையில் ஒரு வாரம், குளிரில் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை தின்ன எதுவும் கிடைக்காது.

தவிடு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் வறுத்த தவிடு பையில் கிடைக்கும். அரிசிக் கடையில் கேட்டால் அன்று தீட்டிய தவிட்டையே தருவார்கள். கிராமப் பக்கம் போனால் சாலையோரத்தில் ஒரு சின்னக் கொட்டகை இருக்கும். நூறு யென் காசைப் போட்டு, கொண்டுவந்த பழுப்பரிசியைக் கொட்டினால் தீட்டித் தரும் இயந்திரம். அதன் பக்கத்து அறையில் தவிடு குவிந்து கிடக்கும், பல இடங்களில் இலவசமாகவே அள்ளிக்கொள்ள விடுவார்கள். வாங்கிய கையோடு பயன்படுத்துங்கள். தவிட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், ஆகவே வெளியே கிடந்தால் சிக்கு வாடை அடித்துவிடும்.

தினமும் கிளற வேண்டும் என்கிறார்களே, எதற்கு? மேற்பரப்பில் காற்றை விரும்பும் ஈஸ்ட் வெள்ளைப் படலமாக விரியும். அடியில் காற்றே இல்லாத இடத்தில் பியூட்டிரிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியா பெருகி, கழற்றிப் போட்ட காலுறையின் நாற்றத்தைக் கிளப்பும். மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் புரட்டிவிட்டால் இரண்டு கூட்டமும் அடங்கி, நடுவில் இருக்கும் லாக்டிக் கூட்டம் ஆட்சி செய்யும். 20 முதல் 25 டிகிரி அதற்குப் பிடித்த வெப்பம். 30-ஐத் தாண்டினால் ஒரே நாளில் புளித்துக் கொட்டும். அப்போது தினம் இரண்டு முறை கிளறச் சொல்வார்கள். புளிப்பு மிஞ்சினால் கடுகுத் தூள் அல்லது முட்டை ஓட்டுத் தூள் போடுவது இங்கே வீட்டு வழக்கம். சைவர்கள் கடுகோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நம் ஊரில் தவிடு மாட்டுக்குப் போகிறது. இங்கே தவிடே மாடு: தினமும் தீனி வைக்க வேண்டும், மேற்பார்வை வேண்டும், பூட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. இரண்டு பேர் மட்டுமே உள்ள வீட்டில் தினம் ஒரு வெள்ளரியும் அரை முள்ளங்கியும் ஓயாமல் விளைந்துகொண்டே இருக்கும். தின்னாவிட்டால் படுகை கெடும், தின்றால் உப்பு ஏறும்.

அந்த உப்பை எண்ணால் பாருங்கள். ஜப்பானின் உணவுச் சத்து அட்டவணையில் தவிட்டில் ஊறிய வெள்ளரிக்காய்க்கு நூறு கிராமுக்கு 5.3 கிராம் உப்பு என்று இருக்கிறது. 30 கிராம் தின்றால் ஒன்றரை கிராமுக்கு மேல். சீக்கிரம் தோண்டி எடுத்தால் குறையும் என்பது உண்மைதான், ஆனால் உப்பு முறையின் அளவுக்கு இறங்காது.

மறு தட்டில் வைக்க ஒன்று உண்டு. பச்சை வெள்ளரிக்காயில் நூறு கிராமுக்கு 0.03 மில்லிகிராம் வைட்டமின் பி1. தவிட்டில் ஊறியதும் 0.26. தவிட்டில் இருப்பது காய்க்குள் இறங்குகிறது. இது சின்ன விஷயமில்லை. எடோ என்று அழைக்கப்பட்ட அந்நாளைய டோக்கியோவில் தீட்டிய வெள்ளையரிசி பரவியபோது, கால் வீங்கி நடை தளரும் பெரிபெரி நோயும் பரவியது. 'எடோ நோய்' என்றே அதற்குப் பெயர். தலைநகரை விட்டுக் கிராமத்துக்குப் போனால் குணமாகும் என்று கண்டிருந்தார்கள், காரணம் தெரியவில்லை. அரிசியிலிருந்து நீக்கி எறிந்த தவிட்டில்தான் மருந்து இருக்கிறது என்று வேதியியலாளர் சுஸுக்கி உமெதாரோ அதைப் பிரித்தெடுத்தது 1910-இல். இன்று பருப்பும் பயறும் தின்கிற வீட்டில் பி1-க்காகத் தவிட்டுப் படுகை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கத்தரிக்காய் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் தோலின் ஊதா நிறம் ஊறும்போது வெளுத்துப் பழுப்பாகிவிடும். இரும்பு பட்டால் நிறம் நிற்கும் என்பதால் முன்பு துருப்பிடித்த ஆணியைப் படுகைக்குள் போட்டார்கள். இப்போது கத்தரிக்காய் வடிவத்திலேயே வார்த்த இரும்புக் குண்டு கடையில் கிடைக்கிறது. உள்ளங்கையில் வைத்தால் கனக்கும் கரும் இரும்பு, காம்பு கூட உண்டு.

பிற செலவுகள்: காய்கள் தண்ணீரை விட்டுக்கொண்டே இருப்பதால் படுகை சேறாகும், தவிடும் உப்பும் மறுபடி மறுபடி சேர்க்க வேண்டும். கிளறிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் மணம் உடனே போகாது. ஓரறை அடுக்குமாடி வீட்டில் பெட்டியைத் திறந்தால் வரவேற்பறை வரை தெரியும்.

இவ்வளவும் கேட்ட பிறகும் ஆசை போகவில்லையா? ஏற்கெனவே புளிக்கவைத்துப் பையில் அடைத்த படுகை இருக்கிறது. மூஜி கடைகளில் கிடைக்கும் ஒரு கிலோ பை அவற்றில் பிரபலமானது. குளிர்பெட்டியிலேயே வைத்து வாரம் ஒருமுறை பையோடு பிசைந்தால் போதும். குளிரில் ஊறுவது மெதுவாக நடக்கும், பாதி நாள் ஆகிற வெள்ளரி ஒரு நாள் எடுக்கும், வாசனையும் அடங்கியிருக்கும். சுவையில் வெளியே வைத்த படுகையின் ஆழம் இல்லை என்று பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எந்த நிறுவனத்துப் பையானாலும் மீன் சேர்மானம் உண்டா என்று பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். வீட்டுச் செய்முறைகளிலும் காய்ந்த நெத்திலி போடுவது உண்டு.

## இனிப்பு வினிகர்: அமாஸுஸுக்கே

அரிசி வினிகர் 200 மில்லி, சர்க்கரை 80 முதல் 100 கிராம், உப்பு 10 கிராம். காய்ச்சி, ஆறவைத்து, உப்பில் வாட்டிப் பிழிந்த காயின் மேல் ஊற்ற வேண்டும். நொதித்தல் எதுவும் நடப்பதில்லை, அமிலமே காவல். சைவர்களுக்கு யோசனையே தேவையில்லாத முறை, நீங்களே காய்ச்சுகிற வரையில்.

சுஷிக்குப் பக்கத்தில் வைக்கும் இஞ்சி இந்த வகைதான். அதற்கு முற்றிய இஞ்சி ஆகாது. கோடையின் தொடக்கத்தில் வருகிற இளம் இஞ்சியை வாங்குங்கள். தண்டு முளைத்த இடத்தில் சிவப்பு இருக்கும், அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். காகிதம் போல் சீவி, ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு வடித்து, சூட்டோடு வினிகரில் இறக்கினால் வெளுத்த மஞ்சள் துண்டுகள் கண் முன்னே இளஞ்சிவப்பாகும். சிவப்பில் இருக்கிற ஆந்தோசயனின் அமிலத்தில் காட்டுகிற நிறம் அது. கடையில் சில இஞ்சிகள் பளீரென்ற ரோஸ் நிறத்தில் இருப்பது சாயத்தால்.

டர்னிப், தாமரைத் தண்டு, சிவப்பு முட்டைக்கோஸ், வெங்காய இனத்து ரக்கியோ எல்லாம் இதற்கு ஏற்றவை. ரக்கியோவுக்குத் தொத்தோரி மாகாணத்து மணற்குன்றுப் பகுதி பேர்போனது. மண்ணோடு வாங்கினால் விலை குறைவு. ஒவ்வொன்றாக வேர் நறுக்கித் தோலுரிக்கும்போதுதான் எதை மிச்சம் பிடித்தோம் என்று புரியும். சுத்தம் செய்ததையே வாங்குங்கள்.

மறைந்திருக்கும் விலை சர்க்கரை. ஒரு புட்டிக்குள் நூறு கிராம் போகிறது, புளிப்பு அதை மறைத்துவிடுகிறது. நீரிழிவுக்காரர் "காய்தானே" என்று தின்று தீர்க்கக் கூடாது. இன்னொன்று, காய் தீர்ந்ததும் எஞ்சும் வினிகர். மறுபடி காய் போட்டால் நீர்த்துப் போகும், காவல் குறையும். அதைச் சுஷி சாதத்திலோ சாலட்டிலோ கலந்து தீர்ப்பது நல்லது. உலோக மூடி போட்ட புட்டியில் மூடி அரிக்கும்.

குளிர்பெட்டியில் இஞ்சியும் ரக்கியோவும் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகஸ்ட் முழுக்க நீங்கள் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினாலும் புட்டி அப்படியே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இதன் மேல் மரியாதை.

## உமெபோஷி

உமெ என்பது பிளம், ஆப்ரிகாட் குடும்பத்துப் பழம். ஜூன் மழைக்காலத்தில் சில வாரங்கள்தான் கடைக்கு வரும். வாகயாமா மாகாணத்து நான்கோ ரகம் தோல் மெலிந்து சதை பருத்தது. அந்த மாகாணம்தான் நாட்டின் உமெயில் பாதிக்கு மேல் தருகிறது. 2024-இல் வெதுவெதுப்பான குளிர்காலமும் ஆலங்கட்டி மழையும் சேர்ந்து அங்கே விளைச்சலைக் கவிழ்த்தன, விலை ஏறியது. ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு உள்ள ஊறுகாயில் இதுவும் ஒரு செலவு.

மஞ்சளாகப் பழுத்த பழத்தைக் கழுவித் துடைத்து, காம்புக் குச்சியைப் பல்குத்தியால் கிள்ளி எடுத்து, கிலோவுக்கு 180 கிராம் உப்போடு அடுக்கி எடை வைத்தால் சில நாளில் உமெச் சாறு மேலே ஏறும். சிவப்பு ஷிசோ இலையைப் பிசைந்து சேர்த்தால் நிறம் வரும். மழைக்காலம் முடிந்த ஜூலைக் கடைசியில், தெளிந்த வானத்தைப் பார்த்து மூன்று நாள் மூங்கில் தட்டில் காயவைக்க வேண்டும்.

இங்கேயும் ஜூலைக் கடைசி குறுக்கிடுகிறதே என்பீர்கள். ஆனால் உமெ காத்திருக்கும். தன் சாற்றில் மூழ்கியிருக்கிற வரை அதற்கு ஒன்றும் ஆகாது. ஊரிலிருந்து திரும்பி வந்து செப்டம்பர் வெயிலில் காயவைத்தாலும் போதும். காயவைக்காமல் சாற்றிலேயே விட்டுத் தின்பவர்களும் உண்டு.

உப்பைக் குறைக்கலாமா என்பதே இதில் பெரிய சபலம். கடையில் தேன் கலந்து எட்டு சதவீத உப்போடு கிடைப்பவை, முதலில் அதிக உப்பில் போட்டுப் பிறகு உப்பை நீக்கிச் சுவையூட்டியவை. வீட்டில் நேரடியாகப் பத்து சதவீதத்தில் போட்டால் சாறு ஏறுவதற்கு முன்பே பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு கிலோ பழமும் ஓராண்டுக் காத்திருப்பும் குப்பைக்குப் போகும். 18-இல் போட்டு, ஒரு வேளைக்கு அரைப் பழம் தின்பதே சரியான சிக்கனம். பத்து கிராம் சதையில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கிறது.

சரியாகப் போட்டது பல ஆண்டு கெடாது. எஞ்சும் சிவப்புச் சாற்றில் இஞ்சிக் கீற்றுகளைப் போட்டால் பெனிஷோகா என்ற இன்னொரு ஊறுகாய் இலவசம்.

## ஒரே பார்வையில்

| | உப்பு | தவிட்டுப் படுகை | இனிப்பு வினிகர் | உமெபோஷி |
|---|---|---|---|---|
| முதல் துண்டு தின்ன | அரை மணி முதல் ஓர் இரவு | ஒன்று, இரண்டு வாரம். தயார்ப் பை என்றால் மறுநாள் | ஓர் இரவு. ரக்கியோவுக்கு ஒரு மாதம் | ஒரு மாதத்துக்கு மேல் |
| பின்கவனிப்பு | இல்லை | தினமும். குளிர்பெட்டியில் வாரம் ஒருமுறை | இல்லை | காயவைக்கும் மூன்று நாள் |
| கெடாத காலம் | 2, 3 நாள் | காய் அன்றன்றைக்கு. படுகை பல ஆண்டு | மாதக்கணக்கு | ஆண்டுக்கணக்கு |
| ஒரு வேளை உப்பு | அரை கிராம் | ஒன்றரை கிராமை ஒட்டி | அரை கிராமை ஒட்டி | அரைப் பழத்தில் 1 கிராம் |
| ஆகஸ்டில் வீடு பூட்டினால் | போடாமல் இருந்தால் போதும் | சிக்கல் | சிக்கல் இல்லை | காத்திருக்கும் |
| மறைமுகச் செலவு | கடும் சுத்தம் | நேரம், வாசனை, ஓயாத விளைச்சல் | சர்க்கரை, எஞ்சும் வினிகர் | பருவம், பூஞ்சை அபாயம் |

மிசோ என்ற சோயா விழுதிலும் சாக்கே என்ற அரிசி மதுவின் வண்டலிலும் புதைக்கும் முறைகளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. மிசோவில் போட்டால் ஊறியபின் அந்த மிசோ நீர்த்துவிடும், நல்ல மிசோவைச் செலவழிக்க மனம் வராது. சாக்கே வண்டலில் மதுச் சத்து எஞ்சியிருக்கும். நாரா நகரத்து நாராஸுக்கே அதில் ஊறியதுதான். மது தொடாத வீட்டுக்கு அது ஆகாது என்று சொன்னால் போதும்.

## யாருக்கு எது

இருவரும் வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குச் சாதத்துக்குப் பக்கத்தில் ஏதாவது பச்சையாக வேண்டும் என்கிற வீட்டுக்கு உப்பு. யோசிக்காதீர்கள். பாத்திரம் கூட வேண்டாம், பை போதும். பெரும்பாலோருக்கு என் பதில் இதுதான், கேட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருப்பதும் இதுதான்.

தினமும் வீட்டில் சமைப்பவர், நாலு பேராவது தின்பவர்கள், கோடையில் ஊருக்குப் போகாதவர்கள், அல்லது போகும்போது பார்த்துக்கொள்ள மாமியாரோ பக்கத்து வீட்டு அம்மாவோ இருக்கிறவர்கள் தவிட்டுப் படுகை வைக்கலாம். தனியாள் வைப்பதானால் குளிர்பெட்டிப் பையோடு நிறுத்துங்கள். இரத்த அழுத்தம் இருந்தால் வேண்டாம்.

விருந்தினர் வந்து போகும் வீடு, அடிக்கடி பயணம் போகிறவர், புளிப்பும் இனிப்பும் விரும்பும் பிள்ளைகள் என்றால் வினிகர். நீரிழிவு இருந்தால் சர்க்கரையைக் குறைத்துச் சின்னப் புட்டியாகப் போட்டுச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். சர்க்கரை குறைந்த புட்டி மாதக்கணக்கில் தாங்காது.

வெயில் விழும் பால்கனியும் ஜூனில் ஒரு சனிக்கிழமையும் இருக்கிறவர்கள் ஒரு கிலோ உமெயில் தொடங்கலாம். முதல் ஆண்டே ஐந்து கிலோ வேண்டாம்.

எனாமல் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம். அமிலமும் உப்பும் அரிக்காத பாத்திரம் என்பதால் உமெ போடவும் டிசம்பரில் ஹக்குசாய் அடுக்கவும் அது பயன்படும். எனாமல் பெயர்ந்த இடம் மட்டும் இருக்கக் கூடாது. படுகையே போட்டுவிட்டீர்கள், விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது என்றால் வழி இருக்கிறது: உள்ளே இருக்கிற காயையெல்லாம் எடுத்துவிட்டு, புதுத் தவிடு சேர்த்து இறுக்கி, மேற்பரப்பை உப்பால் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பையில் கட்டி உறைநிலைப் பெட்டியில் போட்டுவிடலாம். திரும்பி வந்ததும் மேலே கிடக்கிற உப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, முதல் சில நாட்கள் மறுபடி முட்டைக்கோஸ் வெளி இலையைப் புதைத்து எடுங்கள்.